கைக்குட்டை போட்ட இடம்

எண்பத்தேழாம் வருஷம் ஜூன் மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தது. அந்தக் காலத்தில் ரிசல்ட் என்றால் மாலைப் பேப்பரில் பொடி எழுத்தில் நெருக்கியடித்து வரும் நம்பர்கள்தான். நம்பர் இருந்தால் பாஸ், இல்லையென்றால் இல்லை. ஆறுதலுக்கு ஒரு வார்த்தை சேர்த்துப் போட்டால் பேப்பர்காரனுக்கு மை தீர்ந்துவிடுமோ என்னவோ. ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருந்த டாங்கி பேக்டரி மெஷினிஸ்ட் இராமகிருஷ்ணன், அடிஸ்கேலை வைத்து வரி வரியாக மூன்று தடவை தேடினார். மகள் கஸ்தூரிக்கு முந்தின நம்பர் இருந்தது. பிந்தின நம்பரும் இருந்தது. கஸ்தூரியின் நம்பர் மட்டும் இல்லை.

பிறகு மார்க் பட்டியல் வந்ததில் விஷயம் தெரிந்தது. மற்ற பாடமெல்லாம் அறுபதுக்கு மேல். கணக்கில் இருபத்தொன்பது. பரீட்சை அன்று இரண்டாவது கேள்வியில் ஓர் இடத்தில் தடுக்கியது. மணியடிக்கும் வரைக்கும் அவள் அந்த ஒரே கேள்வியை எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தாள். மக்குப் பிள்ளை பெயிலானால் ஊர் ஒரு நாள் பேசும். கெட்டிக்காரப் பெண் பெயிலானால் ஒரு மாதம் பேசும். குவார்ட்டர்ஸில் எல்லா வீடும் ஒரே அளவு, எல்லா ஜன்னலும் ஒரே பக்கம், எல்லாருக்கும் ஒரே சங்கில் வேலை விடும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கஸ்தூரி முதல் இரண்டு நாள் அழுதாள். அது பரவாயில்லை. மூன்றாம் நாள் அழுகை நின்றுவிட்டது. பயப்பட வேண்டியது அதற்குத்தான். உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. தலை வாரவில்லை. தட்டில் வைத்த சோற்றை நாலு வாய் கொறித்துவிட்டுத் தள்ளிவைத்தாள். காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதும்போது, ஐயோ இன்னொரு நாளா என்று இருந்தது. சாயங்காலம் ஊதும்போது, இது எதற்காகக் கழிந்தது என்று இருந்தது. நான் பிறக்காமலே இருந்திருந்தால் இவர்களுக்கு எவ்வளவு நிம்மதி என்ற நினைப்பு ஒரு நாள் வந்தது. வந்தது போகவில்லை. வீட்டுக்கு வந்து தங்கிவிட்ட சொந்தக்காரனைப் போல அங்கேயே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

யாரிடமாவது சொல்லியிருந்தால் அது ஜமீலாவாகத்தான் இருக்கும். ஜமீலா இரண்டு தெரு தள்ளி இருப்பவள். அவள் வாப்பாவுக்கும் அதே பேக்டரிதான். இன்னொருத்தி தாயம்மா, அம்பத்தூர் பக்கம் கள்ளிக்குப்பத்துப் பெண். அவள் அப்பா முன்னே கூலிக்கு நாற்று நட்டவர், இப்போது இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் மெஷின் துடைக்கிறார். மூன்று பேரும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து தினமும் ஒரே ரயிலில் பெரம்பூருக்குப் போய் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். மற்ற இருவரும் பாஸ். பிளஸ் ஒன் சேர்ந்துவிட்டார்கள்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ கஸ்தூரி சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

“ஜமீலா வந்தாளாம்மா?”

அடுப்படியிலிருந்த அம்மா அங்கம்மா சற்று நேரம் கழித்து, “வரலியே” என்றாள்.

அதற்கப்புறம் கஸ்தூரி கேட்கவில்லை. பாஸானவளுக்கு ஆயிரம் வேலை, பெயிலானவளைப் பார்க்க யார் வருவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கணக்கில் வாங்கிய இருபத்தொன்பதைவிட அந்த ஒரு சொல்தான் அவளைப் படுக்கையோடு அழுத்தியது. இது அவள் பிற்பாடு சொன்னது.

அக்டோபரில் மறுபடி எழுதலாம் என்று அப்பா விண்ணப்பம் வாங்கிவந்தார். பெரம்பூரில் ஒரு டுடோரியலில் பேசியும் வைத்தார். விண்ணப்பத்தை அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு, “ஒரு கையெழுத்துதாம்மா” என்று தினமும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். ஒரு வாரம் கழித்து அதைச் சொல்வதையும் விட்டுவிட்டார். கடைசித் தேதிக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அவளோ வாசற்படி தாண்டி நாற்பது நாள் ஆகியிருந்தது.

இந்த நிலைமையில்தான், ஆடி மாதத்து வியாழக்கிழமை மத்தியானம், வாசலில் ஒரு குரல் கேட்டது.

“கஸ்தூரின்னு ஒரு பொண்ணு கீதாமே, அது இந்த ஊடுதானாம்மே?”

கீரைக்காரி வேம்புலியம்மாள். ஆவடிக்கு அந்தாண்டை கிராமத்திலிருந்து காலை வண்டியில் கீரைக் கூடையோடு பெரம்பூர் மார்க்கெட்டுக்குப் போய், மிச்சத்தைத் திரும்பும் வழியில் குவார்ட்டர்ஸில் விற்றுவிட்டுப் போகிறவள். அறுபதை நெருங்கும் உடம்பு, இரண்டு முட்டியிலும் வலி, தொண்டை மட்டும் இருபது வயசுத் தொண்டை. அவள் மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

“இந்த வீடுதான். என்ன விஷயம்?” என்றாள் அங்கம்மா.

“விசயமா? நாயம் கேக்க வந்துகீறேன்! அந்த மகாராணிய கொஞ்சம் வரச்சொல்லு, மூஞ்சிய பாக்கணும்.”

வேம்புலியம்மாளின் வழக்கு விளங்க வேண்டுமானால் சீசன் டிக்கெட்காரர்களின் சட்டம் ஒன்று தெரிய வேண்டும். இது ரயில்வே எழுதாத சட்டம். ஆனால் ரயில்வே எழுதிய எந்தச் சட்டத்தையும்விட ஒழுங்காக நடந்தது. ஆவடியில் புறப்படும் வண்டி காலியாக வந்து நிற்கும்போது, ஜன்னல் கம்பி வழியாகக் கைக்குட்டையைப் போட்டால் இடம் உங்களுடையது. தினமும் ஒரே இடத்தில் போட்டால் அது உங்கள் பரம்பரைச் சொத்து. ஆனால் ஒரு வாரம் போடாமல் விட்டால் போச்சு. வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள், அதற்கப்புறம் சண்டை போட்டும் பிரயோஜனமில்லை, லேடீஸ் பெட்டி முழுவதும் அவள் பக்கம்தான் பேசும்.

“ஏழு அம்பது வண்டில ஒரு துலுக்கப் பொண்ணு, ரெட்டச் சடை போட்டுகினு வரும். அது மூணு எடம் புடிக்குது. ஒண்ணு தனுக்கு. ஒண்ணு அம்பத்தூர்ல ஏர்ற பொண்ணுக்கு. ஜன்னல் ஓரமா ஒரு கைக்குட்டை. ‘ஆளு வர்ராங்க ஆயா’ன்னுது. சரி, வரட்டும்னு நின்னேன். ஆவடிலயும் வந்துகினே கீறாங்கோ, அம்பத்தூர்லயும் வந்துகினே கீறாங்கோ, பெரம்பூர் வந்து நா எறங்கிட்டேன், அப்பவும் வந்துகினே கீறாங்கோ! ஒரு நாளு இல்ல, ரெண்டு நாளு இல்ல, ஒரு மாசமா இதே கூத்து!”

உள்ளறையில் கஸ்தூரி கண்ணைத் திறந்தாள்.

“அட, நிக்க வெச்சுதா, அதுவும் இல்ல. என் முட்டிய பாத்துட்டு அது எந்திரிச்சு தன் எடத்த எனுக்குக் குடுத்துச்சு. தான் நின்னுகினு வருது. கைக்குட்டைக்குப் பக்கத்துல நா குந்திகினு போறேன். மனுசி நிக்குது, துணி குந்திகினு போவுது! இது இன்னா நாயம்? ஏன்டி பொண்ணே, அந்தக் கைக்குட்டைல நீ குந்தினா இன்னான்னு கேட்டா, ‘அது கஸ்தூரி எடம் ஆயா’ன்னுது. எந்தக் கஸ்தூரின்னா, இந்தத் தெருவு சொல்லிச்சு. அதான் வந்தேன்.”

உள்ளே கட்டிலின் சத்தம் கேட்டது. நாற்பது நாள் வாராத தலையோடு, கசங்கிய பாவாடை தாவணியில், கஸ்தூரி கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

வேம்புலியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அதுவரை கையில் ஆட்டிக்கொண்டிருந்த முருங்கைக்காயைக் கூடையில் போட்டாள். இருபது வயசுத் தொண்டை அப்படியே இறங்கிவிட்டது.

“உடம்பு சொகமில்லியா கண்ணு?”

கஸ்தூரி அம்மாவைப் பார்த்தாள்.

“ஜமீலா வரலைன்னு சொன்னியேம்மா.”

அங்கம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

“வந்தாடி. மறுநாளே வந்தா. அப்புறம் ரெண்டு பேரும் சேந்து நாலு தடவை வந்தாங்க. நாந்தான் தூங்கறான்னு வாசல்லயே அனுப்பிட்டேன். பாஸான பொண்ணுங்க மூஞ்சிய பாத்தா உனக்கு இன்னும் வலிக்குமேன்னு நெனச்சேன். வரவேண்டாம்மான்னு நானே சொல்லிட்டேன்டி.”

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. அங்கம்மாவைத் திட்ட மனம் வரவில்லை. மகள் காயத்தில் காற்றுப்படக் கூடாதென்று கட்டுப் போட்டாள் அவள். கட்டு இறுகி இரத்தமே ஓடவில்லை என்பது தெரியவில்லை. பெற்றவள் எல்லாருக்கும் வைத்தியம் தெரியுமா என்ன?

கஸ்தூரி கோபப்படவில்லை. அவளுக்குள் கோபத்துக்கு இடமில்லாமல் வேறொன்று நிறைந்துகொண்டிருந்தது. வாசலில் நுழையாதே என்று விரட்டிய பிறகும் ஒருத்தி தினமும் காலையில் எழுந்து, சடை பின்னி, ஸ்டேஷனுக்கு ஓடி, எனக்காக ஜன்னலில் துணி போட்டிருக்கிறாள். நான் செத்த பிணமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் ஏழு ஐம்பது வண்டியில் எனக்கு ஓர் இடம் இருந்திருக்கிறது. இதை நினைத்ததும் நாள்கணக்காக வராத அழுகை வந்தது. அம்மாவும் மகளும் ஆளுக்கொரு பக்கம் அழ, நியாயம் கேட்க வந்தவள் என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கட்டு முளைக்கீரையை எடுத்துப் படியில் வைத்தாள்.

“அழுவாதீங்கோ. கடைஞ்சு குடும்மே பொண்ணுக்கு. நா வர்ட்டா?” என்றவள் நாலடி போய்த் திரும்பினாள். “நாளைக்கு வண்டிக்கு வருவியா கண்ணு? வராங்காட்டி அந்த எடத்துல நா குந்திக்குவேன், சொல்லிட்டேன்!”

மறுநாள் டுடோரியலுக்கு அனுப்ப, விடியற்காலையிலேயே அங்கம்மா மகளைக் குளிக்க வைத்து, தலையில் எண்ணெய் ஊற்றிச் சிக்கெடுக்க உட்கார்ந்தாள். நாற்பது நாள் சிக்கு. சீப்பில் இரண்டு பல் உடைந்தது. ஒரு தடவைகூடக் கஸ்தூரி ‘ஆ’ என்று சொல்லவில்லை. இராமகிருஷ்ணன், மகள் கையெழுத்துப் போட்ட விண்ணப்பம் சட்டைப்பையில் இருக்க, ஷிப்டுக்குக் கிளம்பியவர் சைக்கிளைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். சங்கு ஊதிய பிறகுதான் போனார். இருபது வருஷ சர்வீசில் அவர் லேட்டாகப் போனது அன்று ஒருநாள்தான்.

தெருவில் இறங்கியதும் எதிர்வீட்டு லட்சுமணன் சம்சாரம் கையில் வாளியோடு, ஏதோ கேட்கத்தான் வாயைத் திறந்தாள். கூட வந்த அங்கம்மா ஒரு பார்வை பார்த்தாள். அந்தம்மா வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவதாக நினைத்துத் தன் காலிலேயே ஊற்றிக்கொண்டாள்.

ஸ்டேஷன் வரைக்கும் வந்த அம்மாவைக் கஸ்தூரி கீழேயே நிறுத்திவிட்டு மேம்பாலத்தில் ஏறினாள். நடுப்பாலத்தில் கால் நின்றுவிட்டது. கீழே பிளாட்பாரம் முழுக்கத் தெரிந்த முகங்கள். இரண்டு வருஷமாகத் தினமும் பார்த்த முகங்கள். எல்லாரும் கேட்பார்கள். இத்தனை நாள் எங்கே போனாய், எத்தனை மார்க், எந்தக் குரூப்? அவள் திரும்பி, வந்த வழியே இரண்டடி வைத்தும்விட்டாள்.

அப்போது வண்டி காலியாக உள்ளே வந்தது. கூட்டத்திலிருந்து ஒரு ரெட்டைச் சடை பிய்த்துக்கொண்டு ஓடியது. ஓடுகிற வண்டியோடு ஓடி, மூன்றாம் ஜன்னலில் கை விட்டு ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் போட்டது. போட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாராவது வருகிறார்களா என்று தேடவில்லை. வீட்டில் குடம் வைத்துத் தண்ணீர் பிடிக்கிற மாதிரி, தினப்படி வேலை மாதிரி செய்துவிட்டு உள்ளே ஏறிப் போயிற்று.

கஸ்தூரி பிளாட்பாரத்துப் பக்கம் படியிறங்கி ஓடினாள். தாவணி தடுக்கியது, ஒரு செருப்பு அறுந்தது. அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு லேடீஸ் பெட்டியில் ஏறினாள்.

ஜமீலா அவளைப் பார்த்தாள். கட்டிப்பிடிக்கவில்லை. ஐயோ இளைச்சுட்டியே என்று ஒப்பாரி வைக்கவில்லை. கைக்குட்டையை எடுத்துச் சுருட்டிக்கொண்டு, “லேட்டு” என்றாள். “என்னிக்குத்தான் நீ நேரத்துக்கு வந்திருக்க? உக்காரு.”

உலகத்தில் எத்தனையோ பெரிய மனிதர்கள் எத்தனையோ ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். அந்த ‘லேட்டு’க்கு எதுவும் ஈடாகாது. நாற்பது நாள் தாமதத்தை நாலு நிமிஷத் தாமதமாக்கி விட்டாள் அந்தப் பெண்.

வேம்புலியம்மாள் கூடையோடு ஏறி, கஸ்தூரியைப் பார்த்ததும் பொக்கைவாய் தெரியச் சிரித்தாள். ஜமீலா வழக்கம்போல எழுந்து தன் இடத்தை அவளுக்குக் கொடுத்தாள். அம்பத்தூரில் தாயம்மா ஏறினாள். ஏறியவள் ஜன்னலோரம் பார்த்துவிட்டு ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு பையிலிருந்து கொய்யாக்காயை எடுத்து மூன்றாகக் கடித்தே பிரித்து, பெரிய துண்டைக் கஸ்தூரியிடம் நீட்டினாள்.

“எச்சில்டி” என்றாள் கஸ்தூரி.

“ஆமா, இவ பெரிய இவ. துன்னு.”

கொய்யாவைத் தின்றபடி கஸ்தூரி மெல்லக் கேட்டாள்.

“எதுக்கு ஜமீ இத்தனை நாளா எடம் போட்டே? நான் வருவேன்னு யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. எடம் போயிடுச்சுன்னா, நீ வர்ற அன்னிக்கு நிப்ப. நின்னா எல்லாரும் உன்னப் பாப்பாங்க. அது கேக்கும், இது கேக்கும். ஜன்னலோரம் உக்காந்துட்டா வெளிய பாத்துக்கினு போயிடலாம்ல? யாருக்கும் பதில் சொல்ல வேணாம். அதான்.”

கஸ்தூரிக்குத் தன் பயம் இன்னதென்று தனக்கே சரியாகத் தெரியாதபோது, வேறொருத்தி அதை அளவெடுத்து, அதற்குப் பொருத்தமாக ஒரு ஜன்னலையும் பிடித்து வைத்திருக்கிறாள். ஜமீலாவைப் பார்த்தாள். ஒரு மாதமாக நின்றுகொண்டே பெரம்பூர் போகிறவள். மேல்கம்பியைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கையில் காய்ப்பு விழுந்திருந்தது. கஸ்தூரி சட்டென்று எழுந்தாள்.

“நீ உக்காரு.”

“ஏய், சும்மா இரு. நீ உக்காரு.”

“இன்னிக்கு நான் நிக்கறேன்.”

தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள். அவள் நின்றதும் ஜமீலா சொன்னது அப்படியே நடந்தது. எதிர்ப் பெஞ்சில் கம்பளி பின்னிக்கொண்டிருந்த டெலிபோன் ஆபீஸ் அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“அடடே, கஸ்தூரியா? ஒரு மாசமா ஆளையே காணோமே. எந்தக் குரூப் எடுத்திருக்கே?”

தாயம்மா கடித்த கொய்யாவை மெல்லுவதை மறந்தாள். ஜமீலா ஏதோ பொய் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கஸ்தூரியே சொன்னாள்.

“கணக்குல பெயிலாயிட்டேங்க. அக்டோபர்ல எழுதப் போறேன்.”

ரிசல்ட் வந்ததிலிருந்து அந்தச் சொல்லை அவள் தன் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. வானம் இடிந்து விழவில்லை. வண்டி நிற்கவில்லை. டெலிபோன் ஆபீஸ் அம்மா, “அப்படியா, நல்லா எழுது. என் தம்பி மூணாவது தடவைதான் பாஸ் பண்ணான்” என்று சொல்லிவிட்டு, விட்டுப்போன கண்ணியைத் தேடிக் குனிந்துகொண்டாள். இவ்வளவுதானா என்று கஸ்தூரிக்கு ஆச்சரியமாக இருந்தது. இதற்காகவா நான் சுவரைப் பார்த்துக் கிடந்தேன்?

திரும்பினால், ஜன்னலோரம் ஜமீலா அழுதுகொண்டிருந்தாள்.

சாதாரண அழுகையில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க, அடக்க முடியாமல் அழுதாள். இத்தனை நாளும் லேடீஸ் பெட்டி முழுவதையும் எதிர்த்துச் சண்டை போட்டவள். வேம்புலியம்மாள் பயந்துபோய் அவள் முதுகைத் தடவினாள்.

“ஜமீ, ஏன்டி? நான்தான் வந்துட்டேனே!”

“தினம் சாயந்தரம்...” ஜமீலா மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி தொடங்கினாள். “தினம் சாயந்தரம் எறங்கினதும் உங்க தெரு வழியா சுத்திக்கினுதான் ஊட்டுக்குப் போவேன். உள்ள வரமாட்டேன். உங்க வாசல்ல கும்பல் எதுனா நிக்குதான்னு தெருமுனைலருந்து பாப்பேன். நிக்கலன்னா, சரி, இன்னிக்கு இருக்கான்னு போயிடுவேன். ரிசல்ட் வந்தா பேப்பர்ல போடுவானுங்களே, அந்த மாதிரி... நீ எதுனா... எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சுடி.”

கஸ்தூரி அப்படியே அவள் காலடியில், கீரைக் கூடைக்கும் பெஞ்சுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். தன் மண்டைக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அந்த நினைப்பு தனக்கு மட்டுமே தெரியும் என்று இருந்தாள். தெருமுனையில் நின்று ஒருத்தி தினமும் அதைக் காவல் காத்திருக்கிறாள். பதினாறு வயசுப் பெண், புத்தகப் பையோடு, தனியாக. அம்மாவிடம் சொல்லாததை, அப்பாவிடம் சொல்லாததை, கஸ்தூரி அவள் முழங்காலில் முகத்தை வைத்துச் சொன்னாள்.

“அப்படி நெனச்சேன்தான்டி. நெறைய நாள் நெனச்சேன்.”

தாயம்மா இறங்கிவந்து மறுபக்கம் தரையில் உட்கார்ந்தாள். வேம்புலியம்மாள் யாரையும் கேட்காமல் தன் கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு மூவருக்கும் இடம் விட்டாள்.

“இனிமே நெனச்சா வந்து சொல்லுவியா?” என்றாள் ஜமீலா. “உங்கம்மா வெரட்டினாலும் ஜன்னல் வழியா கத்துவியா?”

“சொல்றேன்.”

“அல்லா மேல சொல்லு.”

“உங்க அல்லா மேல, எங்க மாரியாத்தா மேல, ரெண்டு பேர் மேலயும்.”

வில்லிவாக்கம் தாண்டிவிட்டது. கஸ்தூரி தாவணித் தலைப்பால் முதலில் ஜமீலாவின் முகத்தைத் துடைத்தாள். அப்புறம்தான் தன்னுடையதைத் துடைத்தாள்.